பெற்றோலுக்கு ஓதிப் பார்க்கப்படும்

நடுவழியில் பெற்றோல் தீர்ந்து நிற்பது வாகனத்தின் குறையல்ல, ஓட்டுகிறவனின் கல்விக் குறை என்று மிஹ்லார் சொன்னான். நாடே கியூவில் நின்றுகொண்டிருந்த இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு ஜூலை மாதத்தில், நிந்தவூர் மெயின் ரோட்டில், தன்னுடைய போன் திருத்தும் கடையின் வாசலில் நின்று, சிரிப்பின் சாயல்கூட இல்லாத முகத்தோடு சொன்னான்.

"இலங்கை முழுக்க நிண்டாலும் என்ட பைக் நிக்காது. இது கணக்கு."

"இன்ஷா அல்லாஹ் எண்டாவது சொல்லுடா" என்றான் பக்கத்துப் பேக்கரி முர்ஷித். மா இல்லாததால் அவனுடைய பேக்கரி மூடியிருந்தது. கேட்பதற்கு அவனுக்கு நேரம் இருந்தது.

"கணக்குக்கு எதுக்கு இன்ஷா அல்லாஹ்? ரெண்டும் ரெண்டும் நாலு இன்ஷா அல்லாஹ் எண்டு ஆரும் சொல்லுவாங்களா?"

முர்ஷித் சற்று யோசித்தான். "சொன்னா நட்டமில்லயே."

மிஹ்லார் உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்தவன். பரீட்சையை மூன்று முறை எழுதியவன். ஒரே முறையில் பாஸாகிப் போனவர்களைவிட அந்தப் பாடத்தோடு தனக்குப் பழக்கம் அதிகம் என்பது அவனுடைய வாதம். அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் அவன் தன் மச்சான் முனாபை ஒரு வழி பண்ணியிருந்தான்.

முனாப், மிஹ்லாரின் ராத்தா றாஹிலாவின் மாப்பிள்ளை; அக்காவின் கணவர். கமநல நிலையத்தில் எழுதுவினைஞர். எழுத்தில் ஒரு புள்ளியைக்கூட வீணாக்காதவர், பெற்றோலை வீணாக்குவாரா? வேகமானியின் முள் முப்பத்தைந்தைத் தாண்ட விடமாட்டார். பிரேக் பிடிப்பது பெற்றோலைக் கீழே ஊற்றுவதற்குச் சமம் என்று சொல்லி, தூரத்தில் மாடு தெரிந்தாலே கையைத் தளர்த்திவிடுவார். "ஜனாஸாவையும் இதவிட வேகமாத் தூக்கிட்டுப் போவாங்க" என்று மிஹ்லார் கடை வாசலில் நின்று அறிவிப்பான். இறந்தவரை அடக்கத்துக்குக் கொண்டுபோகிற வேகத்தைப் பார்த்தவர்களுக்கு அது உண்மையும்கூட.

முனாப் செய்த இன்னொரு காரியம்தான் ஊருக்குப் பிடித்தது. பெற்றோல் குறைந்து பைக் மூச்சு விடாமல் நின்றுவிட்டால் அதை இடப்பக்கமாகத் தரையோடு சரிப்பார். குனிந்து, டேங்கில் காதை வைத்துக் கேட்பார். பிறகு நிமிர்த்தி, மூடியைத் திறந்து, உதடுகளை அசைத்து, டேங்கின் வாயில் தன் வாயை வைத்து ஊதுவார். அதன்பிறகு உதைத்தால் பைக் எழும்பிவிடும்.

இந்தப் பக்கத்து ஊர்களில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மார்க்கம் படித்த ஹஸ்ரத்திடம் கொண்டுபோவார்கள். அவர் ஓதி, தலையில் ஊதுவார். தண்ணீரில் ஊதிக் குடிக்கக் கொடுப்பார். அதற்கு ஓதிப் பார்ப்பது என்று பெயர். உதட்டை அசைத்து ஒரு பொருளின்மேல் ஊதுகிற மனிதனைப் பார்த்தால் நிந்தவூரில் யாருக்கும் வேறு எண்ணம் வராது. மிஹ்லார் தன் வீட்டு மதிலுக்கு மேலால் போனை நீட்டி அதைப் படம் பிடித்தான். பின்னால் ஒரு துள்ளல் பாட்டைப் போட்டான். "பெற்றோலுக்கு ஓதிப் பார்க்கப்படும். தொடர்புகொள்க: முனாப் மச்சான்" என்று எழுதி விட்டுவிட்டான்.

மருதமுனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் போனது. சிரித்தவர்களோடு முடிந்திருந்தால் முனாப் பொறுத்திருப்பார். சிரிக்காதவர்களும் இருந்தார்கள். சாய்ந்தமருதிலிருந்து ஒருவர் பைக்கைத் தள்ளிக்கொண்டே வந்து, "நம்மட டேங்குக்கும் ஒருக்கா ஓதித் தாங்க" என்று பயபக்தியோடு கேட்டார். ஒரு பெண் வெறும் போத்தலைக் கொண்டுவந்து கேட்டில் கட்டிவிட்டுப் போனாள். கடைசியில் பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்து இருவர் வந்து, இது மார்க்கத்தில் எந்த வகையில் சேரும் என்று விளக்கம் கேட்டார்கள். முனாப் விளக்கம் கொடுத்தாரோ என்னவோ, அன்றைக்குப் பிறகு அவர் பைக்கைத் தொடவில்லை. நடந்தே வேலைக்குப் போனார். றாஹிலா, தம்பி வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்தினாள்.

"ராத்தாட்ட போய் மாப்புக் கேளுங்க" என்று மிஹ்லாரின் மனைவி அப்ரா பலமுறை சொல்லிப் பார்த்தாள்.

"விஞ்ஞானம் மாப்புக் கேக்காது புள்ள" என்றான் அவன்.

அந்த வாரம் சாகாமத்திலிருந்து கந்தப்போடி ஆள் அனுப்பியிருந்தார். அப்ராவின் வயலைக் குத்தகைக்குச் செய்பவர் அவர். டீசல் இல்லை, அறுவடை மெசின் வரவில்லை, கையால் வெட்டிக் கையாலேயே அடிக்கிறோம், வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று சொல்லியிருந்தார். மிஹ்லார் போன் கல்குலேட்டரை எடுத்தான். நிந்தவூரிலிருந்து அக்கரைப்பற்று, அங்கிருந்து சாகாமம், திரும்பி வர அதே தூரம். டேங்கை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினான். சத்தம் கேட்டது.

"காணும்."

"நானும் வாறன் வாப்பா" என்றாள் மகள் அம்ஹா. பள்ளிக்கூடம் மூடி, விளையாட்டுச் சாமானெல்லாம் அலுத்துப்போன வயது.

"புள்ளயக் கொண்டு போகாதீங்க" என்றாள் அப்ரா. "வயலெல்லாம் தூசி. முட்டு வந்தா என்ன செய்ற? பம்ப்பும் முடியப் போகுது. எந்தப் பார்மசியிலயும் இல்ல எண்டுறானுகள்."

மிஹ்லார் மகளுக்கு முட்டு, அதாவது மூச்சிழுப்பு, வந்தால் அடிக்கிற அந்தச் சின்ன நீலப் பம்ப்பைக் காதோரம் வைத்து ஆட்டினான். டேங்கை ஆட்டியதுபோலவே.

"இதுலயும் கிடக்கு."

அம்ஹாவை முன்னால், டேங்கின்மேல் ஏற்றிக்கொண்டான். பாலமுனை தாண்டியதும் ரோடு வெறித்துக் கிடந்தது. வாகனமே இல்லாத ரோட்டைப் பார்த்தால் எந்த மனிதனுக்கும் கை முறுக்கத்தான் வரும். "இன்னம் வேகமா வாப்பா!" என்றாள் மகள். வழியில் தென்பட்ட ஒரே பஸ்ஸை அவன் முந்தினான். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் தன்னைப் பார்க்கிறார்களா என்று திரும்பியும் பார்த்தான். முனாப் சொல்லியிருந்த முப்பத்தைந்து நினைவுக்கு வந்தது. சிரிப்பும் வந்தது.

களத்தில் கதிர்க்கட்டை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார்கள். அடிக்க அடிக்கப் பதரும் சுணையும் புகையாக எழுந்து, காற்று போன பக்கமெல்லாம் போனது. வைக்கோல் குவியலைக் கண்டதும் அம்ஹா ஓடி ஏறினாள். மிஹ்லார் காவல் குடிசையான வாடியின் நிழலில் இருந்து, நாடு ஏன் இந்த நிலைக்கு வந்தது என்பதைக் கந்தப்போடிக்கு விளக்கத் தொடங்கினான். விளக்கம் நல்ல கட்டத்துக்கு வந்தபோது மகள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"வாப்பா, நெஞ்சுக்குள்ள விசில் அடிக்கிது."

பம்ப்பை வாயில் வைத்து அமுக்கினான். ஒருமுறை மருந்து வந்தது. இரண்டாம் முறை வெறும் காற்று. மூன்றாம் முறையும் அமுக்கினான். காலையில் அவன் காதில் கேட்டது மருந்தின் சத்தமல்ல, மருந்தைத் தள்ளுகிற வெறும் வாயுவின் சத்தம் என்பது அப்போதுதான் புரிந்தது.

கந்தப்போடி பிள்ளையின் கழுத்துக் குழியைப் பார்த்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தக் குழி உள்ளே இழுத்து இழுத்து வந்தது.

"தம்பி, கதைய விடுங்க. புள்ளயக் கொண்டு ஓடுங்க."

"போடியார், ஒரு வாகனம்..."

"ட்ரக்டர் அந்தா நிக்குது. வித்தாலும் ஒரு சொட்டு டீசல் கிடையா. பைக் ஓடுந்தானே?"

"ஓடும்" என்றான் மிஹ்லார். பழக்கத்தில் சொன்னது.

கந்தப்போடி தோளில் கிடந்த துவாயை எடுத்து, பிள்ளையை அவனுடைய நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவிட்டார். முகம் நெஞ்சில் புதைந்திருந்ததால் அவளுடைய இழுப்பை அவன் காதால் கேட்கவில்லை. தோலால் கேட்டான்.

வயல்வெளிக்கு நடுவே, இரண்டு பக்கமும் வெட்டிய தாளடி மட்டும் தெரிந்த இடத்தில், பைக் ஒருமுறை விக்கியது. பிறகு இன்னொருமுறை. பிறகு நின்றது. ரிசேவுக்குத் திருப்பப் போனான். அது காலையிலிருந்து ரிசேவில்தான் இருந்தது. டேங்கை ஆட்டினான். சத்தம் கேட்டது. உதைத்தான். எழும்பவில்லை. மறுபடி ஆட்டினான். பெற்றோல் உள்ளே இருந்தது. கணக்கு சரி. இருந்த இடம்தான் பிழை.

"வாப்பா..." என்றாள் அம்ஹா. அடுத்த சொல்லுக்கு மூச்சு வரவில்லை.

போனை எடுத்தான். சிக்னல் இல்லை. இருந்திருந்தாலும் யாரைக் கூப்பிடுவது? ஊரில் யாரிடம் பெற்றோல் இருக்கிறது என்று யோசித்தபோது ஒரே ஒரு முகம்தான் வந்தது. அந்த முகத்தை அவன் கடைசியாகப் பார்த்தது தன் போனுக்குள்தான்.

அந்த வீடியோவைத் திறந்தான். துள்ளல் பாட்டு ஆளில்லாத வயலெல்லாம் கேட்டது. சத்தத்தைக் குறைத்தான்.

"முனாப் மாமா" என்றாள் மகள், இரண்டு மூச்சில்.

"ஓம் மகள். கதைக்காம இரிங்க."

இதுவரை ஊரே பார்த்துச் சிரித்த அந்த வீடியோவை அவன் முதல்முறையாகப் படிப்பதற்காகப் பார்த்தான். மச்சான் முதலில் இடப்பக்கம் சரிக்கிறார். ஏன் இடம்? பெற்றோல் இறங்குகிற குழாய் இடப்பக்கம். டேங்கின் நடுவில் பைக்கின் முதுகெலும்பு மேடுபோல ஓடுகிறது. அந்த மேட்டுக்கு வலப்பக்கம் தேங்கியது இந்தப் பக்கம் வராது, சரித்தால்தான் வரும். இதைச் சொல்ல மூன்றுமுறை கணிதப் பிரிவு எழுதியவன் தேவையில்லை. ஆனால் அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது.

மகளை அவிழ்த்து மதகின் கட்டில் சாய்த்து உட்கார வைத்தான். பைக்கைச் சரித்தான். குனிந்து காதை வைத்தான். உள்ளே ஏதோ ஒன்று மெல்ல, தயங்கித் தயங்கி, களுக்கென்று இந்தப் பக்கம் வந்தது. நிமிர்த்தி உதைத்தான். எழும்பியது.

பிள்ளையை மறுபடி நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டான். அதன்பிறகு முள் முப்பத்தைந்தைத் தாண்டவில்லை. தூரத்தில் மாட்டைக் கண்டதும் கையைத் தளர்த்தினான். நெஞ்சில் கட்டியிருந்த பிள்ளைக்காக முறுக்கச் சொல்லி உடம்பு கெஞ்சியது. முறுக்கினால் போய்ச் சேரமுடியாது என்று பைக் சொன்னது. இவ்வளவு மெதுவாகப் போவதைப் போல ஒரு கொடுமையை அவன் வாழ்நாளில் அனுபவித்ததில்லை. "வாப்பாட கிளி, மூச்ச எடுங்க... விடுங்க... எடுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தான். தானும் அவளோடு எடுத்து விட்டான்.

அக்கரைப்பற்று தெரியத் தொடங்கியது. கூடவே பெற்றோல் செட்டின் கியூவும் தெரியத் தொடங்கியது. அது சாகாம வீதியில் கண்ணுக்கெட்டிய தூரம் வளர்ந்திருந்தது. பைக்குகள், ஓட்டோக்கள், நிழலுக்குக் கட்டிய சாரன்கள், பாய் விரித்துப் படுத்தவர்கள். சரியாக அந்த வரிசையின் வாலுக்குப் பக்கத்தில் பைக் நின்றது.

"கியூ அங்கால, தம்பி" என்றார் ஒருவர், தலையைத் தூக்காமல்.

"புள்ளைக்கு முட்டு" என்றான் மிஹ்லார். "ஆரிட்டயும் கொஞ்சம்... ஒரு சொட்டு இரிக்கா?"

எழுந்து வந்தார்கள். ஒருவன் தன் ஓட்டோவின் டேங்கைத் திறந்து காட்டினான், இருட்டுத்தான் இருந்தது. இன்னொருவர் ஆம்புலன்ஸுக்குப் போன் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நடந்தார். அது மணி அடித்துக்கொண்டேயிருந்தது. "தூக்கிட்டு ஓடுவம்" என்றான் ஒரு பொடியன். "ஓடின குலுக்கத்தில இன்னும் கூடும்டா" என்றார் வேறொருவர். அம்ஹாவின் உதட்டோரம் நீலம் ஏறியிருந்தது. இப்போது விசில்கூடக் கேட்கவில்லை. மிஹ்லாருக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

"நீங்க அந்த வீடியோ போட்ட ஆளெல்லோ?" என்று ஒரு குரல் கேட்டது. "நிந்தவூர் போன் கடை?"

மிஹ்லார் பைக்கின் பக்கம் திரும்பினான். பைக்கைச் சரித்தான். காதை வைத்தான். ஒன்றும் அசையவில்லை. இனிச் சரிக்க எந்தப் பக்கமும் இல்லை. வீடியோவில் அடுத்தது என்ன என்பது அவனுக்குத் தெரியும்; அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

மூடியைத் திறந்தான். டேங்கின் வாயில் வாயை வைத்து, காற்று வெளியே போகாமல் உதட்டால் அடைத்து, ஊதினான். விஞ்ஞானமாகத்தான் ஊதினான்: உள்ளே காற்றை அழுத்தினால் அடியில் மிஞ்சிய ஈரம் குழாய்க்குள் இறங்க வேண்டும். உதைத்தான். இறங்கவில்லை. மறுபடி ஊதி, மறுபடி உதைத்தான். பைக் செருமியது, அவ்வளவுதான். யாரும் சிரிக்கவில்லை. நெஞ்சில் கட்டியிருந்த பிள்ளையின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அப்போது மிஹ்லாரின் உதடுகள் அசைந்தன. அல்ஹம்து சூரா வந்தது. ஆயத்துல் குர்ஸி பாதியில் தடுமாறி மறுபடி தொடக்கத்துக்குப் போனது. முனாப் மச்சான் என்ன ஓதினார் என்று தெரியாது. அதன்மேல்தான் அவன் பாட்டைப் போட்டிருந்தானே. தெரிந்ததையெல்லாம் ஓதினான். சுற்றி நின்றவர்களில் சிலர் போனை உயர்த்தினார்கள். அது அவன் கண்ணில் பட்டது. வாயை வைத்து, தனக்குள்ளே இருந்த கடைசிக் காற்று வரைக்கும் ஊதினான். பெற்றோல் ஆவி தொண்டையைச் சுட்டது. மூடினான். உதைத்தான்.

பைக் எழும்பியது.

ஊதியது மூன்றாம் தடவை என்பதால் எழும்பியதா, ஓதியதால் எழும்பியதா என்று கேட்க அவன் அங்கே நிற்கவில்லை. கியூவிலிருந்த ஒருவர் "அல்லாஹு அக்பர்" என்றார். இன்னொருவர், "எனக்கும் அத ஒருக்கா சொல்லித் தாங்க" என்று பின்னால் கொஞ்சத் தூரம் ஓடிவந்தார்.

ஆஸ்பத்திரிக் கேட்டுக்குள் வந்துதான் பைக் அடங்கியது. அதை விழுந்தபடி விட்டுவிட்டு ஓடினான். பிள்ளையை வாங்கி, முகத்தில் மூடியைப் பொருத்தினார்கள். மருந்துப் புகை உள்ளே போகத் தொடங்கியது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்த விசில் திரும்பி வந்தது. இந்த உலகத்தில் அதைவிட நல்ல சத்தம் இருக்கிறதா என்று மிஹ்லார் நினைத்தான்.

வெளி வராந்தாவில் நின்று முதலில் அப்ராவுக்குச் சொன்னான். அவள் ஏசவில்லை, பஸ் வந்தால் ஏறுகிறேன் என்று மட்டும் சொன்னாள். அது ஏச்சைவிடக் கனமாக இருந்தது. பிறகு ராத்தாவின் நம்பருக்கு எடுத்தான். றாஹிலா, அவன் குரலைக் கேட்டதும் போனை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டாள்.

"புள்ள எப்பிடி?" என்றார் முனாப்.

"இப்ப பரவாயில்ல மச்சான். மருந்துப் புகை புடிக்கிறாங்க."

"எதுல வந்தாய்?"

"பைக்கில."

"பெற்றோல் கிடந்ததா?"

"இல்ல."

"அப்ப?"

"ஊதித்தான்."

"ஓதினியா?"

மிஹ்லார் வராந்தாவில் யாரும் இருக்கிறார்களா என்று பார்த்தான். "ஓம் மச்சான்."

"என்ன ஓதினாய்?"

"தெரிஞ்சதெல்லாம்."

"அது காணும்" என்றார் முனாப்.

"மச்சான், உண்மையா சொல்லுங்க. உங்களுக்கு எது வேல செய்யிற? ஊதுறதா, ஓதுறதா?"

"எனக்கெப்பிடித் தெரியும்? நான் ஒருநாளும் ஒண்ட விட்டுட்டு மத்தத மட்டும் செஞ்சு பாக்கல்ல." பிறகு, "அந்தப் பாட்ட நீ போடாம இருந்திருக்கலாம்" என்றார். போன் வைக்கப்பட்டது. மாப்பு என்ற சொல் மிஹ்லாரின் வாயிலேயே கிடந்தது.

உள்ளேயிருந்து மீனாம்பிகை என்ற நேர்ஸ் வந்து ஒரு துண்டுக் கடதாசியைத் தந்தாள். "தம்பி, இப்போதைக்கு இறங்கியிருக்கு. ஆனா இந்தப் பம்ப் கட்டாயம் வேணும், திரும்ப இழுத்தா அதுதான் கைகொடுக்கும். நாட்டுல எங்கயுமே தட்டுப்பாடு. அட்டாளைச்சேனையில ஒரு பார்மசியில ஒண்டு ரெண்டு இருக்காம். பொழுது படுறதுக்குள்ள எடுத்துட்டு வந்திடுவீங்கதானே?"

மிஹ்லார் வாயைத் திறந்தான். கணக்கு ஒன்றும் வரவில்லை.

"இன்ஷா அல்லாஹ்" என்றான்.

முற்றத்தில் யாரோ அவனுடைய பைக்கை நிமிர்த்தி மரத்தடியில் நிறுத்தியிருந்தார்கள். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. முர்ஷித் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். படத்தில் கியூ, பைக், நெஞ்சில் பிள்ளையைக் கட்டியபடி குனிந்து நிற்கும் ஒருவன். பாட்டு அதே துள்ளல் பாட்டு. அவன் அதை முழுக்கப் பார்க்கவில்லை. போனை அணைத்துப் பையில் போட்டான்.

பைக்கை இடப்பக்கமாகச் சரித்தான். காதை வைத்துக் கேட்டான். நிமிர்த்தி, மூடியைத் திறந்தான். கேட்டடியில் நின்ற காவலாளி பார்த்துக்கொண்டிருந்தார். மிஹ்லார் அவருக்கு முதுகைக் காட்டிக்கூட நிற்கவில்லை.

உதடுகள் அசையத் தொடங்கின.